எழுதினால் உருவாகும் மின்சுற்று

வீணையில் எந்த இராகத்தையும் வாசிக்கலாம். கல்யாணியை முடித்த கையோடு தோடியைத் தொடங்கலாம். இராகம் மாறுகிறதே தவிர வீணை மாறுவதில்லை. நரம்புகளும் மெட்டுகளும் இருந்த இடத்தில் இருந்தபடியே இருக்கின்றன. கணிப்பொறியும் இத்தகையதே. அது ஒரு வேளை சம்பளப் பட்டியல் தயாரிக்கிறது. மறுவேளை சதுரங்கம் ஆடுகிறது. ஆனால் அதனுள் இருக்கும் மின்சுற்றுகள் மாறுவதில்லை. அவற்றின்மீது ஓடும் புரோகிராம், அதாவது ஆணைத்தொடர், மட்டுமே மாறுகிறது.

இப்போது ஒரு விந்தையைக் கற்பனை செய்து பாருங்கள். இராகத்தை மாற்றுவதற்குப் பதிலாக வீணையையே மாற்ற முடிந்தால்? காலையில் வீணை, நண்பகலில் புல்லாங்குழல், மாலையில் மிருதங்கம் என ஒரே கருவி நாம் எழுதிக் கொடுக்கும் குறிப்புக்கு ஏற்பத் தன் உடலையே மாற்றிக் கொண்டால் எப்படி இருக்கும்?

இசைக்கருவியில் இது நடவாது. மின்னணுவியலில் இது 1985-ஆம் ஆண்டு முதல் நடந்து வருகிறது. அவ்வாறு மாறும் சில்லுக்கு ‘ஃபீல்டு புரோகிராமபிள் கேட் அர்ரே’ என்று பெயர். பயன்படுத்தும் இடத்திலேயே, பயன்படுத்துபவரே வடிவமைத்துக் கொள்ளத்தக்க தருக்க வாயில்களின் அணிவகுப்பு என்பது இதன் பொருள். எஃப்.பி.ஜி.ஏ. என்று சுருக்கமாக அழைப்பர். நாமும் அவ்வாறே அழைப்போம்.

ஒரு காலத்தில் பெரிய தொழிற்சாலைகளிலும் ஆய்வுக்கூடங்களிலும் மட்டுமே காணப்பட்ட இச்சில்லு, இன்று மேசை மீது வைத்துப் பழகும் பொழுதுபோக்குப் பொருளாகி விட்டது. குறிப்பாக, பகலெல்லாம் கணிப்பொறிக்கு ஆணைத்தொடர் எழுதும் மென்பொருள் பொறியாளர்கள் பலர் மாலை வேளைகளில் இதைக் கற்க முனைகின்றனர். அவர்கள் இதில் எதிர்கொள்ளும் இடர்ப்பாடு வியப்பானது. அறியாமை அவர்களுக்குத் தடையாக இருப்பதில்லை. நன்றாக அறிந்த ஒன்றே தடையாகி விடுகிறது! அது எவ்வாறு என்பதை விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கம்.

கல்லெழுத்தும் கரும்பலகையும்

சாதாரணச் சில்லு ஒன்றைச் செய்யும் முறையை முதலில் சுருக்கமாகப் பார்ப்போம். மின்சுற்றின் படத்தை ஒளியின் உதவியால் சிலிக்கான் தகட்டின்மீது அடுக்கடுக்காகப் பதிக்கின்றனர். ஒவ்வோர் அடுக்கிற்கும் தனித்தனி அச்சுப்படம் வேண்டும். இன்றைய நுண்ணிய சில்லுகளுக்கு இவ்வச்சுப்படங்களைத் தயாரிக்கவே பல கோடி ரூபாய் செலவாகும். இலட்சக்கணக்கில் சில்லுகளை விற்றால்தான் இச்செலவு கட்டுப்படியாகும். வடிவமைப்பில் ஒரு சிறு பிழை இருந்தாலும், வெளிவந்த சில்லுகளை ஒதுக்கிவிட்டு மீண்டும் தொடங்க வேண்டியதுதான். அது கல்லில் வெட்டிய எழுத்து.

எஃப்.பி.ஜி.ஏ.யோ கரும்பலகை எழுத்து. அழித்து அழித்து எழுதலாம். 1984-ஆம் ஆண்டில் ராஸ் ஃபிரீமன், பெர்னார்டு வாண்டர்ஷ்மிட், ஜேம்ஸ் பார்னெட் ஆகிய மூவர் அமெரிக்காவின் கலிஃபோர்னியா மாநிலத்தில் சைலிங்ஸ் என்ற நிறுவனத்தைத் தொடங்கினர். மறு ஆண்டில் அந்நிறுவனம் எக்ஸ்.சி. 2064 என்ற சில்லை வெளியிட்டது. வணிக முறையில் விற்பனைக்கு வந்த முதல் எஃப்.பி.ஜி.ஏ. அதுவே. அதில் மாற்றியமைக்கத்தக்க தருக்கக் கட்டங்கள் 64 இருந்தன. கரும்பலகையைப் போல் அழித்தெழுத வேண்டுமானால் தேவைக்கு மேல் ஏராளமான டிரான்சிஸ்டர்களைச் சில்லில் வைத்தாக வேண்டும். டிரான்சிஸ்டர் விலையுயர்ந்திருந்த அந்நாளில் இது பலருக்கு வீண்செலவாகத் தோன்றியது. ஆனால் டிரான்சிஸ்டரின் விலை ஆண்டுதோறும் விழுந்துகொண்டே போகும் என்று ஃபிரீமன் கணித்தார். அவருடைய கணிப்பு பலித்தது. இன்றைய பெரிய எஃப்.பி.ஜி.ஏ. சில்லுகளில் தருக்கக் கட்டங்கள் பல இலட்சம் உள்ளன.

வாய்பாட்டுப் பெட்டி

ஒரு சில்லின் உடல் எவ்வாறு மாறக்கூடும்? உள்ளே கம்பிகள் நகர்கின்றனவா? இல்லை. இதை நம் வீட்டு மாடிப்படி விளக்கைக் கொண்டு விளங்கிக் கொள்ளலாம்.

படியின் கீழே ஒரு ஸ்விட்சும் மேலே ஒரு ஸ்விட்சும் உள்ளன. எந்த ஸ்விட்சைத் தட்டினாலும் விளக்கின் நிலை மாற வேண்டும். ஸ்விட்சு கீழ்நோக்கி இருந்தால் 0 என்றும் மேல்நோக்கி இருந்தால் 1 என்றும் கொள்வோம். அவ்வாறே விளக்கு அணைந்திருந்தால் 0, எரிந்தால் 1. இரண்டு ஸ்விட்சுகளுக்கு நான்கு நிலைகளே உண்டு. அவை 00, 01, 10, 11. இந்நான்கிற்கும் விளக்கின் விடை முறையே 0, 1, 1, 0. ஸ்விட்சுகள் இரண்டும் வேறுபட்டிருந்தால் விளக்கு எரியும், ஒத்திருந்தால் அணையும்.

ஸ்விட்சுகளின் செயலை இவ்வாறு 0, 1 என்ற இரண்டே எண்களின் கணிதமாக எழுதலாம் என்று விளக்கியவர் கிளாடு ஷானன். 1937-ஆம் ஆண்டில், முதுகலைப் பட்டத்திற்கான ஆய்வேட்டில் அவர் இதை நிறுவினார். ஜார்ஜ் பூல் என்ற கணித மேதை 1854-ஆம் ஆண்டு நூலாக வெளியிட்ட தருக்க இயற்கணிதமே அதற்கு அடிப்படை.

இனி, மாடிப்படி விளக்கிற்குக் கம்பி இழுக்காமல் வேறொரு வழியைக் கையாள்வோம். நான்கு அறைகள் கொண்ட ஒரு சிறிய நினைவகத்தை எடுத்துக் கொள்ளுங்கள். அறைகளில் 0, 1, 1, 0 என்று எழுதி வையுங்கள். இரு ஸ்விட்சுகளின் நிலையே அறையின் எண். அந்த எண்ணுள்ள அறையில் எழுதியிருப்பதை விளக்கிற்கு அனுப்பினால் போதும். ஏழெட்டு எத்தனை என்று கேட்டதும் குழந்தை கணக்குப் போடாமல் வாய்பாட்டிலிருந்து ஐம்பத்தாறு என்று சொல்வதைப் போன்றது இது.

இதில் உள்ள நுட்பத்தைக் கவனியுங்கள். அறைகளில் 0, 0, 0, 1 என்று மாற்றி எழுதினால், இரண்டு ஸ்விட்சுகளும் 1 ஆக இருக்கும்போது மட்டுமே விளக்கு எரியும். 0, 1, 1, 1 என்று எழுதினால், ஏதேனும் ஒன்று 1 ஆக இருந்தாலே எரியும். கம்பி எதையும் தொடாமல், நினைவில் வைத்த விடைகளை மாற்றியே மின்சுற்றை மாற்றி விட்டோம்!

எஃப்.பி.ஜி.ஏ.யின் அடிப்படை உறுப்பு இந்த வாய்பாட்டுப் பெட்டிதான். பெரும்பாலும் ஒரு பெட்டிக்கு நான்கு அல்லது ஆறு உள்ளீடுகள் இருக்கும். நான்கு உள்ளீடு என்றால் 16 அறைகள். அவற்றில் 0, 1 ஆகியவற்றை நிரப்பும் வழிகள் 65,536. அதாவது, ஒரே பெட்டி 65,536 வெவ்வேறு மின்சுற்றுகளில் எதுவாகவும் ஆகக்கூடும்.

ஒவ்வொரு பெட்டியின் அருகிலும் ஃபிளிப்-ஃபிளாப் என்ற ஓர் உறுப்பு உண்டு. ஒரேயொரு 0 அல்லது 1-ஐ நினைவில் பிடித்து வைப்பது அதன் வேலை. இப்பெட்டிகளுக்கிடையே கம்பிகள் குறுக்கும் நெடுக்குமாக ஓடுகின்றன. அவை சந்திக்கும் இடங்களில் நுண்ணிய மின்னணு ஸ்விட்சுகள் உள்ளன. எந்தப் பெட்டியை எந்தப் பெட்டியோடு இணைப்பது என்பதை அவையே தீர்மானிக்கும். வாய்பாட்டு விடைகள், ஸ்விட்சு நிலைகள் ஆகிய எல்லாவற்றையும் ஒரே கோவையாகத் தொகுத்துச் சில்லுக்குள் அனுப்பினால், அது நாம் விரும்பிய மின்சுற்றாகி விடுகிறது. பெரும்பாலான சில்லுகளில் மின்சாரத்தை நிறுத்தினால் இக்கோவை மறைந்து விடும். ஆகவே, பக்கத்தில் ஒரு நிலையான நினைவகத்தில் அதன் படியை வைத்திருப்பர்.

ஆணையும் இல்லை, தொடரும் இல்லை

ஆயிரக்கணக்கான பெட்டிகளை மனிதர் கையால் நிரப்ப இயலாது. ஆகவே மின்சுற்றை எழுத்தில் விவரிக்கும் மொழிகள் தோன்றின. அவற்றுள் வெரிலாக், வி.எச்.டி.எல். ஆகிய இரண்டும் பெருவழக்கில் உள்ளன. வெரிலாக் 1980-களில் ஓர் அமெரிக்க நிறுவனத்தில் ஃபில் மூர்பி, பிரபு கோயல் ஆகியோரால் உருவாக்கப்பட்டது. வி.எச்.டி.எல். அமெரிக்கப் பாதுகாப்புத் துறையின் முயற்சியால் பிறந்து, 1987-ஆம் ஆண்டில் தரநிலை பெற்றது.

இம்மொழிகளில் எழுதிய பக்கத்தைப் பார்த்தால் சாதாரணக் கணிப்பொறி மொழி போலவே தோன்றும். கூட்டல் குறி உண்டு. ‘இவ்வாறாயின் இதைச் செய்க’ என்ற அமைப்பும் உண்டு. மென்பொருள் பொறியாளர் மகிழ்ச்சியோடு, ‘இது எனக்குத் தெரிந்ததுதானே’ என்று எழுதத் தொடங்குகிறார். அங்கேதான் அவர் தடுமாறுகிறார்.

அ, ஆ என்ற இரு பாத்திரங்களை எண்ணிக் கொள்ளுங்கள். அ-வில் 5, ஆ-வில் 8 உள்ளன. இவற்றை இடம் மாற்ற வேண்டும். ‘ஆ-வில் உள்ளதை அ-வில் இடு, அ-வில் உள்ளதை ஆ-வில் இடு’ என்று கணிப்பொறிக்கு ஆணையிட்டால் என்ன ஆகும்? முதல் ஆணை முடிந்ததும் அ-வில் 8 வந்து விடும். பழைய 5 அழிந்து போகும். இரண்டாம் ஆணை அந்த 8-ஐயே ஆ-வில் இடும். முடிவில் இரண்டிலும் 8. பாலும் தண்ணீரும் உள்ள இரண்டு டம்ளர்களை மாற்ற மூன்றாவது டம்ளர் வேண்டும் என்பது நாம் அறிந்ததுதானே. மென்பொருள் படிப்போர் முதல் மாதத்திலேயே இதைக் கற்று விடுவர்.

அதே இரு வரிகளை வெரிலாக் மொழியில், ஃபிளிப்-ஃபிளாப்புகளுக்குரிய முறையில் எழுதினால், அ-வில் 8-உம் ஆ-வில் 5-உம் ஒழுங்காக இடம் மாறி நிற்கும். மூன்றாவது டம்ளர் தேவையில்லை. ஏன்? அவ்விரு வரிகளும் ஆணைகள் அல்ல. ஆ-வின் வெளியீட்டிலிருந்து அ-வின் உள்ளீட்டிற்கு ஒரு கம்பி, அ-வின் வெளியீட்டிலிருந்து ஆ-வின் உள்ளீட்டிற்கு ஒரு கம்பி என்று சொல்லும் வரைபடக் குறிப்புகளே அவை. கடிகாரத் துடிப்பு வந்ததும் இரண்டு ஃபிளிப்-ஃபிளாப்புகளும் தத்தம் வாசலில் காத்திருக்கும் மதிப்பை ஒரே கணத்தில் உள்ளே இழுத்துக் கொள்கின்றன. முதல், இரண்டாவது என்ற பேச்சிற்கே அங்கு இடமில்லை. இரு வரிகளையும் முன்பின்னாக மாற்றி எழுதினாலும் விளைவு மாறாது.

ஆணைத்தொடர் என்ற சொல்லில் ஆணை, தொடர் என இரண்டு உறுப்புகள் உள்ளன. இங்கே ஆணையும் இல்லை, தொடரும் இல்லை. எழுதப்படும் ஒவ்வொரு வரியும் ஒரு பொருள். எல்லாப் பொருள்களும் ஒரே நேரத்தில் இருக்கின்றன. ஒரே நேரத்தில் இயங்குகின்றன. ‘அடுத்து என்ன செய்ய வேண்டும்?’ என்று ஆண்டுக்கணக்கில் கேட்டுப் பழகிய மனம், ‘எது எதோடு இணைந்திருக்கிறது?’ என்று கேட்கப் பழக வேண்டும். மென்பொருள் பொறியாளர் கற்க வேண்டிய முதற்பாடமும் கடினமான பாடமும் இதுவே.

ஒரு சமையற்காரரும் நூறு அடுப்பும்

கணிப்பொறியின் செயலியை மிக விரைவாக வேலை செய்யும் ஒரு சமையற்காரருக்கு ஒப்பிடலாம். அவர் ஒரு நேரத்தில் ஒன்றிரண்டு வேலைகளையே செய்வார். ஆனால் மின்னல் வேகத்தில் அடுத்ததற்குத் தாவுவார். எஃப்.பி.ஜி.ஏ.யோ கல்யாண வீட்டுச் சமையற்கட்டு. சாம்பாருக்கு ஓர் அடுப்பு, பாயசத்திற்கு ஓர் அடுப்பு, ஒவ்வொன்றின் முன்னும் ஓர் ஆள். எவரும் அவசரப்படுவதில்லை. ஆயினும் பந்தி நேரத்திற்கு எல்லாம் தயாராகி விடுகிறது.

ஆனால் அடுப்புக்கு இடம் வேண்டுமே! இதையும் ஒரு கணக்கால் பார்ப்போம். தொடக்க நிலையினர் பலர் பழகும் ஐஸ்ஸ்டிக் என்ற சிறு பலகையில் லாட்டிஸ் நிறுவனத்தின் ஐஸ்-40 வகைச் சில்லு ஒன்று உள்ளது. அதில் உள்ள தருக்கக் கட்டங்கள் 1,280. நூறு எண்களைக் கூட்ட வேண்டும் என்று வைத்துக் கொள்வோம். மென்பொருளில் ‘நூறு முறை திரும்பச் செய்’ என்று ஒரு சுழற்சி எழுதுவோம். அதே சுழற்சியை வன்பொருள் மொழியில் எழுதினால், கூட்டும் மின்சுற்று ஒன்று நூறு முறை இயங்காது. கூட்டும் மின்சுற்றுகள் 99 தனித்தனியே உருவாகும். ஒவ்வோர் எண்ணும் 32 பிட் உடையதானால் ஒரு கூட்டலுக்குச் சுமார் 32 கட்டங்கள் வேண்டும். ஆக மொத்தம் சுமார் 3,168 கட்டங்கள். சில்லில் இடம் போதாது!

வேறு வழி உண்டு. ஒரே கூட்டும் மின்சுற்றை வைத்து, துடிப்பு ஒன்றுக்கு ஓர் எண்ணாக நூறு துடிப்புகளில் கூட்டலாம். இடம் மிச்சம், நேரம் செலவு. இடத்தைக் கொடுத்து நேரத்தை வாங்குவதா, நேரத்தைக் கொடுத்து இடத்தை வாங்குவதா என்பதை வடிவமைப்பவரே முடிவு செய்ய வேண்டும். மென்பொருளில் இம்முடிவின் பெரும்பகுதியைச் செயலியைச் செய்தவர்கள் முன்பே எடுத்து வைத்து விடுகின்றனர். இங்கே அது உங்கள் கையில் இருக்கிறது.

முதல் சோதனை: விளக்கைச் சிமிட்டுதல்

மேற்சொன்ன பலகையில் உள்ள கடிகாரம் வினாடிக்கு 1,20,00,000 முறை துடிக்கிறது. இதையே 12 மெகாஹெர்ட்ஸ் என்கிறோம். ஒரு துடிப்பின் காலம் ஏறத்தாழ 83 நானோ வினாடி. ஒரு நானோ வினாடி என்பது வினாடியில் நூறு கோடியில் ஒரு பங்கு. அதில் ஒளி செல்லும் தூரம் 30 சென்டிமீட்டர்தான்.

இத்துடிப்புக்கு ஏற்ப ஒரு சிறு எல்.ஈ.டி. விளக்கைச் சிமிட்டினால் நம் கண்ணுக்கு அது தெரியாது. விளக்கு சற்று மங்கலாக, இடைவிடாது எரிவதாகவே தோன்றும். ஆகவே துடிப்புகளை எண்ண ஓர் எண்ணி வேண்டும். 24 ஃபிளிப்-ஃபிளாப்புகளை வரிசையாக வைத்து, துடிப்புக்கு ஒன்றாக இருநிலை எண்களில் எண்ணச் செய்யுங்கள். கடைசி உறுப்பு ஒவ்வொரு துடிப்பிலும் மாறும். அதற்கு முந்தையது இரண்டு துடிப்புக்கு ஒருமுறை மாறும். அதற்கும் முந்தையது நான்கு துடிப்புக்கு ஒருமுறை மாறும். இவ்வாறு இரட்டித்துக் கொண்டே சென்றால், முதல் உறுப்பு 83,88,608 துடிப்புகளுக்கு ஒருமுறை மாறும். இதை 1,20,00,000-ஆல் வகுத்தால் 0.7 வினாடி. விளக்கை அந்த உறுப்போடு இணைத்தால் 0.7 வினாடி எரிந்து 0.7 வினாடி அணையும். ஓர் உறுப்பைக் கூட்டினால் காலம் இரட்டிக்கும், குறைத்தால் பாதியாகும்.

பொத்தான் கற்பிக்கும் பாடம்

அடுத்ததாக, ஒரு பொத்தானை அழுத்தும் தோறும் எண்ணிக்கை ஒன்று கூடுமாறு அமைக்க முயல்வது வழக்கம். பொத்தானை ஒருமுறைதான் அழுத்துகிறோம். எண்ணிக்கையோ ஏழு என்று காட்டும். அடுத்த முறை மூன்று கூடும். பிறகு பன்னிரண்டு கூடும். எழுதியதில் பிழை எதுவும் அகப்படாது.

பிழை எழுத்தில் இல்லை, இயற்பியலில் இருக்கிறது. பொத்தானுக்குள் இருப்பது மெல்லிய உலோகத் தகடு. தரையில் விழுந்த பந்து துள்ளுவது போல, தகடு மற்றொரு தகட்டில் மோதியதும் பலமுறை துள்ளி, பிறகே நிலையாக ஒட்டுகிறது. இத்துள்ளல் சில மில்லி வினாடிகள் நீடிக்கும். நம் விரலுக்கு அது தெரியாது. ஆனால் ஒரு மில்லி வினாடிக்குள் 12,000 துடிப்புகளைக் காணும் மின்சுற்றுக்கு ஒவ்வொரு துள்ளலும் தனித்தனி அழுத்தமே! பொத்தானின் நிலை தொடர்ந்து 20 மில்லி வினாடி, அதாவது 2,40,000 துடிப்புகள், மாறாமல் இருந்தால்தான் அதை ஏற்பது என்று அமைத்தால் இக்குறை தீரும். நாம் விசைப்பலகையைத் தட்டும் ஒவ்வொரு முறையும் யாரோ ஒருவர் எழுதி வைத்த இத்தகைய ஏற்பாடு நமக்காக வேலை செய்கிறது. மென்பொருள் எழுதுவோர் அதை அறியாமலே பயன்படுத்தி வருகின்றனர்.

இன்னும் நுட்பமான ஓர் இடரும் உண்டு. கடிகாரம் துடிக்கும் அதே கணத்தில் பொத்தானின் நிலை மாறினால் ஃபிளிப்-ஃபிளாப் எதைப் பிடிக்கும்? மேலே சுண்டிய காசு பூவாகவோ தலையாகவோ விழாமல் விளிம்பில் நிற்பது போல, அது சிறிது நேரம் 0-உம் ஆகாமல் 1-உம் ஆகாமல் தத்தளிக்கக் கூடும். பிறகு ஏதேனும் ஒரு பக்கம் சாயும். இதை முற்றிலும் ஒழிக்க இயலாது. ஆனால் இரண்டு ஃபிளிப்-ஃபிளாப்புகளை அடுத்தடுத்து வைத்தால், முதலாவது சாய்ந்து முடிய ஒரு துடிப்பு நேரம் கிடைக்கும். இரண்டாவதும் ஏமாறுவதற்கான வாய்ப்பு மிக மிகக் குறைந்து விடும். வெளியுலகிலிருந்து வரும் குறிப்பு எதுவாயினும் இந்த இரட்டை வாசலைக் கடந்தே உள்ளே வர வேண்டும் என்பது வடிவமைப்போர் மீறாத விதி.

தூரத்திற்கும் விலை உண்டு

99,999-உடன் 1-ஐக் கூட்டிப் பாருங்கள். கடைசி இலக்கத்தில் பிறந்த மிச்சம் ஒவ்வோர் இலக்கமாகத் தாவி முதல் இலக்கம் வரை செல்ல வேண்டியிருக்கிறது. மின்சுற்றிலும் அப்படியே. ஒவ்வொரு பெட்டியைக் கடக்கவும், ஒவ்வொரு கம்பியில் செல்லவும் சிறிது நேரமாகும். விடை நிலைபெறும் முன் அடுத்த துடிப்பு வந்து விட்டால் ஃபிளிப்-ஃபிளாப் தவறான மதிப்பைப் பிடித்து விடும்.

ஒரு கணக்கு முடிய 14 நானோ வினாடி ஆகும் என்று கொள்வோம். 12 மெகாஹெர்ட்ஸ் கடிகாரம் 83 நானோ வினாடி அவகாசம் தருவதால் கவலையில்லை. ஆனால் 100 மெகாஹெர்ட்ஸ் கடிகாரத்தில் கிடைப்பது 10 நானோ வினாடிதான். அங்கே அம்மின்சுற்று தவறும். அதுவும் எப்போதும் தவறாது! காலையில் சரியாக இயங்கி, சில்லு சூடேறிய பிற்பகலில் தவறக்கூடும். ஏனெனில் வெப்பம் ஏறும்போது தாமதம் பொதுவாகக் கூடும். ஒரே ஆணைத்தொடர் ஒரே உள்ளீட்டிற்கு எப்போதும் ஒரே விடையைத் தரும் என்று நம்பிப் பழகிய மென்பொருள் பொறியாளரை இது திகைக்க வைக்கும்.

இதற்குப் பரிகாரம் கட்டட வேலையில் இருக்கிறது. ஒரே சித்தாள் கீழிருந்து மேல்தளம் வரை செங்கல் சுமப்பதை விட, வரிசையாக நின்று கைமாற்றி அனுப்புவது விரைவானது. அதுபோல 14 நானோ வினாடி வேலையை நடுவில் வெட்டி, அங்கே ஃபிளிப்-ஃபிளாப்புகளை நிறுத்தினால், ஒவ்வொரு பாதிக்கும் ஏறத்தாழ 7 நானோ வினாடி போதும். ஒரு குறிப்பிட்ட விடை ஒரு துடிப்பு தாமதமாக வரும். ஆனால் அதன்பின் ஒவ்வொரு துடிப்புக்கும் ஒரு விடை வந்து கொண்டே இருக்கும்.

எழுபத்தொன்பது வயதில் ஒரு கணிப்பொறி

மென்பொருள் உலகில் புகழ்பெற்ற நிக்லாஸ் விர்த் என்ற சுவிட்சர்லாந்து நாட்டு அறிஞரை இங்கே குறிப்பிடுவது பொருத்தமாகும். பாஸ்கல் என்ற கணிப்பொறி மொழியை உருவாக்கியவர் இவர். 1984-ஆம் ஆண்டின் டூரிங் விருதைப் பெற்றவர். 1980-களின் பிற்பகுதியில் ஜூரிக் நகரிலுள்ள தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தில் யூர்க் குட்க்னெக்ட் என்ற அறிஞருடன் சேர்ந்து ஓபரான் என்ற மொழியையும் அதே பெயருள்ள இயக்க அமைப்பையும் ஆக்கினார். ஒரு கணிப்பொறியின் மென்பொருள் முழுவதையும் ஒருவரே படித்துப் புரிந்து கொள்ள இயல வேண்டும் என்பது அவரது கொள்கை.

காலம் சென்றது. ஓபரான் இயங்கிய செயலிச் சில்லு சந்தையிலிருந்து மறைந்து விட்டது. மென்பொருள் இருக்கிறது, அது ஓடுவதற்கு உடல் இல்லை. 1999-ஆம் ஆண்டிலேயே ஓய்வு பெற்று விட்ட விர்த், தமது செயலியைத் தாமே வடிவமைக்க முடிவு செய்தார். சைலிங்ஸ் நிறுவனத்தின் ஸ்பார்ட்டன்-3 என்ற விலை மலிவான எஃப்.பி.ஜி.ஏ. பலகை ஒன்றை எடுத்துக் கொண்டார். 32 பிட் அளவுள்ள 16 பதிவகங்கள் கொண்ட எளிய செயலி ஒன்றை வெரிலாக் மொழியில் எழுதினார். அது 25 மெகாஹெர்ட்ஸ் வேகத்தில் இயங்கியது. அதனோடு இருந்த நினைவகம் ஒரு மெகாபைட் மட்டுமே. அந்தச் செயலியின் மீது ஓபரான் மீண்டும் உயிர்பெற்றது. 2013-ஆம் ஆண்டில் செயலியின் விவரம் உட்பட நூல் முழுவதையும் திருத்தி வெளியிட்டார். அப்போது அவருக்கு வயது 79.

விர்த் இளமையில் மின்னணுப் பொறியியல் பயின்றவர். வன்பொருள் அவருக்குப் புதிதன்று. ஆயினும் அவர் செய்தது நமக்கு ஒன்றை உணர்த்துகிறது. சில்லுத் தொழிற்சாலை எதையும் நாடாமல், தனி மனிதர் ஒருவர் தருக்க வாயில் முதல் திரையில் தோன்றும் எழுத்து வரை ஒரு கணிப்பொறியை முழுமையாக ஆக்கவும் அறியவும் முடிந்தது. எஃப்.பி.ஜி.ஏ. இல்லையேல் இது நடந்திராது. விர்த் 2024-ஆம் ஆண்டு ஜனவரி முதல் நாள் காலமானார்.

பயன்படும் இடங்கள்

ஜெனீவா அருகிலுள்ள செர்ன் ஆய்வுக்கூடத்தின் பெரிய துகள் மோதுவியில் புரோட்டான் கற்றைகள் வினாடிக்குச் சுமார் நான்கு கோடி முறை குறுக்கிட்டுக் கொள்கின்றன. அத்தனை விவரங்களையும் சேமித்து வைக்க முடியாது. எதை வைப்பது, எதைத் தள்ளுவது என்று சில மைக்ரோ வினாடிகளுக்குள் முதற்சலிப்புச் செய்யும் பொறுப்பில் எஃப்.பி.ஜி.ஏ. சில்லுகள் பெரும்பங்கு வகிக்கின்றன. ஒரு சமையற்காரர் எவ்வளவு விரைந்தாலும் ஆகாத வேலை இது.

நம் நாட்டிலும் சான்று உண்டு. சென்னை இந்தியத் தொழில்நுட்பக் கழகத்தில் சக்தி என்ற செயலி வரிசை உருவாக்கப்பட்டது. அதன் வடிவமைப்பு எவரும் பார்த்துப் பயன்படுத்தத்தக்கவாறு வெளியிடப்பட்டுள்ளது. கடையில் விற்கும் எஃப்.பி.ஜி.ஏ. பலகையில் அதன் சிறிய வகைகளை ஏற்றி இயக்கிப் பார்க்கலாம்.

ஆயினும் எல்லா வேலைக்கும் எஃப்.பி.ஜி.ஏ. ஏற்றதன்று. அன்றாட வேலைகளுக்குச் சாதாரணச் செயலியே மலிவு, எளிது. மிக அதிக அளவில் செய்ய வேண்டிய பொருளுக்குத் தனிச் சில்லே சிக்கனம். அது மின்சாரத்தையும் குறைவாகவே உண்ணும். எண்ணிக்கை குறைவாகவும், வேகத் தேவை மிகுதியாகவும், வடிவமைப்பு மாறிக்கொண்டும் இருக்கும் இடமே எஃப்.பி.ஜி.ஏ.யின் களம்.

எவ்வாறு தொடங்குவது?

நெடுங்காலம் இச்சில்லுகளைப் பயன்படுத்த, தயாரித்த நிறுவனங்கள் தரும் மென்பொருளையே நாட வேண்டியிருந்தது. சில்லுக்கு அனுப்பும் கோவையின் அமைப்பை அவை வெளியிடுவதில்லை. 2015-ஆம் ஆண்டில் ஆஸ்திரியாவைச் சேர்ந்த கிளேர் வுல்ஃப் என்பவரும் அவருடைய குழுவினரும் ஐஸ்-40 சில்லின் கோவையைப் பொறுமையாக ஆராய்ந்து, அதன் பொருளைக் கண்டறிந்து ஐஸ்ஸ்டார்ம் என்ற பெயரில் வெளியிட்டனர். அதன்பின் எழுத்திலிருந்து மின்சுற்று வரை எல்லா நிலைகளையும் இலவச மென்பொருளைக் கொண்டே செய்ய வழி பிறந்தது.

பலகை வாங்கும் முன்பே பயிற்சியைத் தொடங்கலாம். இக்காரஸ் வெரிலாக் போன்ற இலவச மென்பொருள்கள், நாம் எழுதிய மின்சுற்று எவ்வாறு நடந்து கொள்ளும் என்பதைத் துடிப்பு துடிப்பாகக் கணித்துக் காட்டும். முதலில் விளக்கு, பிறகு பொத்தான், அதன்பின் ஏழு கோடுகளால் எண் காட்டும் சாதனம், கணிப்பொறியோடு பேசும் தொடர்வழி இணைப்பு, இறுதியில் ஒரு சிறு செயலி என்று படிப்படியாகச் செல்வது நல்லது. வெரிலாக் மொழியில் தொடக்கத்திற்குத் தேவையான சொற்கள் சில டஜன்களே. அவற்றைக் கற்க ஆங்கிலப் புலமை வேண்டியதில்லை. எழுதும் முன் மின்சுற்றைத் தாளில் படமாக வரைந்து பார்க்கும் பழக்கமே வேண்டும். படம் வரைய இயலாததை எழுத முயல வேண்டாம் என்பது அனுபவம் மிக்கோர் கூறும் அறிவுரை.

தாளும் பென்சிலும் இருந்தால் வாசகர்கள் இன்றே முதற்படியில் கால் வைக்கலாம். மூன்று தளங்கள் உள்ள வீட்டின் படிக்கட்டில் தளத்திற்கு ஒன்றாக மூன்று ஸ்விட்சுகள் உள்ளன. எந்த ஒன்றைத் தட்டினாலும் விளக்கின் நிலை மாற வேண்டும். மூன்றும் 0 ஆக இருக்கும்போது விளக்கு அணைந்திருக்கிறது. 000 முதல் 111 வரை உள்ள எட்டு நிலைகளுக்கும் விடைகளை வரிசையாக எழுதுங்கள். 0, 1, 1, 0, 1, 0, 0, 1 என்று வந்தால் உங்கள் முதல் வாய்பாட்டுப் பெட்டியைச் சரியாக நிரப்பி விட்டீர்கள்.